அளவு ஜாக்கெட்

துணிக்கடைக்குள் நுழைந்தால் "என்ன பாக்குறீங்க?" என்று கேட்பார்கள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஒயிட் டவுனில் இருந்த அந்தக் கடையில் "என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். எதற்கு வம்பு என்று தண்ணீர் கேட்டேன். அதிலும் ஏதோ புல்லை ஊறப்போட்டுக் கொண்டுவந்தார்கள். கஷாயத்தைப் பாதியில் இறக்கியது போல் இருந்தது. பக்கத்தில் பூர்ணிமா ரசித்துக் குடித்ததால் நானும் குடித்தேன்.

நேரு வீதிக் கடைகளில் ஒரு கம்பியில் நூறு சுடிதார் தொங்கும். இங்கே கம்பிக்கு ஏழு. எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதும் குறை கண்டுபிடிப்பதும் என் பிழைப்பு. சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடமாகக் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். மூடியில் மயிரிழை விரிசல் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. "எங்கக்கா பாயசத்துல முந்திரிய எடுத்தாக்கூட விரிசல் இருக்கான்னு பாத்துட்டுத்தான் வாயில போடுவா" என்று என் தம்பி இளம்பரிதி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

அவனுக்குத்தான் இன்னும் பன்னிரண்டு நாளில் கல்யாணம். பூர்ணிமாதான் பெண். தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். கலகலப்பான பெண், என்னை வாய் நிறைய 'அண்ணி, அண்ணி' என்பாள். இரண்டு நாளுக்கு முன் போன் செய்து, "சனிக்கிழமை பிளவுஸ் டிரையல் இருக்குண்ணி. நீங்க வந்து போட்டுப் பாத்தாத்தான் சரியா தெரியும். கண்டிப்பா வரணும்" என்று கூப்பிட்டாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுதான் போடுவான். மீதி இரண்டு முடிச்சும் நாத்தனார் போட வேண்டும். மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் பெண்ணின் பின்னால் நின்று, கழுத்தில் குனிந்து, இழுத்துக் கட்டினால்தான் கல்யாணம் முடிந்ததாக அர்த்தம். அதற்கு அவளுக்கு ஒரு பட்டு எடுத்துத் தருவது பெண் வீட்டார் முறை. இளம்பரிதிக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான்.

நான் விவாகரத்து ஆனவள். இவள் போய் முடிச்சுப் போடலாமா என்று சொந்தத்தில் எவராவது இழுப்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இழுக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன். பதிலெல்லாம் தயாராக இருந்தது, குளிக்கும்போது சொல்லிக்கூடப் பார்த்திருக்கிறேன். நிச்சயதார்த்தம் முடிந்தது, பத்திரிகை அடித்தாயிற்று, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தம்பி எல்லோர் வாயையும் அடைத்துவிட்டான் என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது.

அப்படி நினைக்கக் காரணம் உண்டு. ஆறு வருடத்துக்கு முன் விழுப்புரத்தில் என் புருஷன் வீட்டிலிருந்து நான் கிளம்பிய அன்று, மாமன் சித்தப்பன் என்று ஒருவரும் வரவில்லை. 'பொறுத்துப் போ' என்று போனில் சொன்னதோடு சரி. இவன்தான் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது. என் பீரோவை முதுகில் சுமந்து இறக்கினான். "ஊரு இன்னா சொல்லும்னு பாக்காதக்கா. ஊரா வந்து உனக்குச் சோறு போடப் போவுது? நான் இருக்கேன், வா" என்றான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் முதலியார்பேட்டை வீட்டில் அம்மாவோடு ஆறு வருடம் ஓட்டினேன்.

சென்னையில் வேலை செய்கிறவன், போன மாதம் வீட்டுக்கு வந்தபோது என் அறைக் கதவில் சாய்ந்துகொண்டு, "அக்கா, உனக்கு நல்லா பொருந்துற ஜாக்கெட்டு ஒண்ணு குடு. அளவுக்கு" என்றான். எங்கள் பக்கத்தில் டேப் பிடித்து அளவு எடுப்பதை யார் நம்புகிறார்கள்? கச்சிதமாக அமைந்த பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதை வைத்து வெட்டிவிடுவார்கள். என்னிடம் மயில்கழுத்து நிறத்தில் ஒன்று இருந்தது. அதைப் போட்டுக்கொள்வதைக்கூட நிறுத்தி, அளவுக்கென்றே பீரோவில் மடித்து வைத்திருந்தேன். யாருக்கு, எதற்கு என்று நான் கேட்கவில்லை. என் ஜாக்கெட்டை என்னிடம் கேட்டு வாங்கினால் எனக்கில்லாமல் வேறு யாருக்கு?

இன்று காலை நான் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா இரண்டு மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்தாள். "வெயில் கொளுத்துது. நீ எதுக்குடி அங்க போயி அலையணும்?" என்றாள். "பூர்ணிமா கூப்பிட்டிருக்காம்மா" என்றேன். அதற்கு மேல் பேசாமல், எனக்குப் பிடிக்கும் என்று வாழைக்காய் வறுவல் செய்து தட்டு நிறைய வைத்தாள். குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி நான். வறுவலை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

கடைப் பெண் பெயர் அபி. முதலில் என்னிடம் இங்கிலீஷில் ஆரம்பித்தாள், என் செருப்பைப் பார்த்துத் தமிழுக்கு வந்தாள். நல்ல பெண்தான். உறையிலிருந்து புடவையை எடுத்து விரித்துக் காட்டினாள். கிளிப்பச்சைப் பட்டு, விரல் அகலத்துக்கு அரக்குக் கரை. அதற்கு அரக்கிலேயே ஜாக்கெட், கைகளில் பொடிப்பொடி மணிகள் கோத்துப் பூ வேலை. "இது முகூர்த்தத்துக்கு. ரிசப்ஷனுக்கு இன்னொரு பிளவுஸ் இருக்குக்கா, அது இன்னும் வெட்டல" என்றாள்.

"ரெண்டா?" என்றேன். பூர்ணிமா சிரித்தாள். நாத்தனாருக்கு இரண்டு எடுத்துத் தரும் பெண் வீட்டாரை நான் எங்கே பார்த்திருக்கிறேன்.

உடை மாற்றும் அறை எங்கள் வீட்டுக் கூடத்தை விடப் பெரியது. மூன்று பக்கமும் கண்ணாடி. ஜாக்கெட்டைப் போட்டு ஒவ்வொரு கொக்கியாக மாட்டினேன். தோளில் ஒரு சுருக்கம் இல்லை, கையில் ஒரு பிடிப்பு இல்லை. இடது கை ஓரத்தில் ஒரு மணி மட்டும் தளர்ந்திருந்தது. சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். புடவையைக் கட்டி நிமிர்ந்தபோது அழுகை வந்தது. ஆறு வருடமாக நான் பட்டு கட்டவில்லை. கட்டாதே என்று யாரும் சொல்லவில்லை, எதற்குக் கட்டுவது என்று நானே கட்டவில்லை. கண்ணாடியில் மூன்று பக்கமும் நான் நின்றேன், மூன்று பேருமே நன்றாக இருந்தோம்.

அங்கே ஆணியில் ஒரு அளவு டேப் தொங்கியது. எனக்கு என்ன தோன்றியதோ, அதை எடுத்து ஸ்டூல் காலில் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். மேடையில் கை நடுங்கக் கூடாதே. நன்றாகத்தான் விழுந்தது. பைத்தியக்காரி என்று என்னையே திட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

"அண்ணி! சூப்பர்ண்ணி!" பூர்ணிமா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். தள்ளி நின்று போட்டோ எடுத்தாள், திரும்பச் சொல்லி முதுகை எடுத்தாள். அபி இடுப்பில் ஒரு குண்டூசி குத்திவிட்டு, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னாள். நான் தளர்ந்த மணியைக் காட்டினேன். குறித்துக்கொள்ள ஜாக்கெட் உறையில் கட்டியிருந்த அட்டையை அவள் எடுத்தாள். பழக்க தோஷம், நானும் எட்டிப் பார்த்தேன்.

"பேரு தப்பா எழுதியிருக்கீங்களே" என்றேன். "நிர்மலாதேவின்னு போட்டிருக்கு. என் பேரு கலைவாணி. இப்பவே மாத்துங்க, இல்லாட்டி குடுக்கும்போது மாறிப் போயிடும்."

அபி அட்டையைப் பார்த்தாள். பிறகு பூர்ணிமாவைப் பார்த்தாள்.

"இல்லண்ணி, அது சரிதான்" என்றாள் பூர்ணிமா, சிரித்துக்கொண்டேதான். "அவங்கதான கட்டப் போறாங்க."

"யாரு?"

"பாரீஸ் நிர்மலா அண்ணி. உங்களுக்கும் அவங்களுக்கும் ஒரே அளவுன்னு இளா சொன்னாரே. அதான உங்க ஜாக்கெட்ட வாங்கிட்டு வந்து குடுத்தாரு. அவங்க கல்யாணத்துக்கு மொத நாள்தான் வந்து எறங்குறாங்க. அதுக்குள்ள நீங்க போட்டுப் பாத்துட்டா..."

நிர்மலா எங்கள் பெரியப்பா மகள். கல்லூரி நாட்களில் நானும் அவளும் ஒரே அளவுதான், ஜாக்கெட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம். பிறகு பிரான்ஸ் குடியுரிமை உள்ள மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போனாள். புருஷன், இரண்டு பிள்ளைகள், நெற்றி நிறையக் குங்குமம்.

"அப்போ முடிச்சு?" என்றேன்.

அப்போதுதான் பூர்ணிமாவின் சிரிப்பு போனது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்கன்னு அவரு சொன்னப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. 'நான் மேடை ஏற மாட்டேன், நல்ல காரியத்துல என் கை பட வேணாம்'னு சொன்னீங்களாமே. நான் நேர்ல வந்து பேசுறேன்னேன். அவருதான், அதக் கெளறாத, அக்கா மனசு கஷ்டப்படும்னு தடுத்துட்டாரு."

என் கை பட வேணாம்.

இதை நான் சொன்னேனாம். என் வாயில் இப்படி ஒரு பேச்சு வராது, வந்தால் பல்லை உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும். முறையை மாற்றியது ஒரு பக்கம் இருக்கட்டும். என் வாயைத் திறந்து, அவனே எழுதிய வசனத்தை உள்ளே வைத்துவிட்டானே. என்னை ஒதுக்கியதை நானே ஒதுங்கியதாக ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறான். சொந்தக்காரர்கள் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று இப்போது புரிந்தது. என்னை மெச்சிக்கொண்டுகூட இருந்திருப்பார்கள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அத்தைதாண்ணி நிர்மலா அண்ணிகிட்ட போன்ல பேசுனாங்க" என்றாள் பூர்ணிமா. அவள் குரல் தேய்ந்துவிட்டது. வாழைக்காய் வறுவல் நெஞ்சுக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து இளம்பரிதி கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தான், பூர்ணிமாவை அழைத்துப் போக. கிளிப்பச்சைப் பட்டில் என்னைப் பார்த்தான். சாவி நின்றது.

"அக்காவ எதுக்கு இங்க கூட்டியாந்த?" என்றான் பூர்ணிமாவிடம்.

என்னிடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை. "என்னைப் பாத்துப் பேசுடா" என்றேன். "என் கை பட வேணாம்னு நான் எப்போ சொன்னேன்? தேதி சொல்லு." எங்கள் கம்பெனியில் ஒரு மூடி பழுது என்றால் எந்தத் தேதியில் செய்தது, எந்த மெஷினில் செய்தது என்று எழுதியாக வேண்டும்.

"அக்கா, கடையில வேணாம். வீட்டுக்குப் போய் பேசலாம்."

"நிச்சயம் ஆகி ஆறு மாசமா வீட்டுல பேசாதவன், இப்போ இன்னாடா பேசுவ?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "ராஜவேல் மாமா ஒத்தக் கால்ல நின்னாருக்கா. பெரியவங்க எல்லாரும் அதையே சொன்னாங்க. பொண்ணு வீட்டுலயும் ஏதாவது நெனச்சுக்குவாங்க."

"எங்க வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லலயே" என்றாள் பூர்ணிமா.

"சொல்ல மாட்டாங்க. நெனப்பாங்க." பிறகு என் பக்கம் திரும்பினான். "எனக்கு இதுலல்லாம் நம்பிக்க கெடையாது, உனக்கே தெரியும். ஆனா எதுக்குக்கா ரிஸ்க்கு? உன்கிட்ட கேட்டா நீ சண்டைக்கு வருவ. கேக்கலன்னா நீயே புரிஞ்சிக்கினு வுட்டுடுவன்னு நெனச்சேன்."

ரிஸ்க். எந்த மாமன் சொல்லியிருந்தாலும் எனக்கு இத்தனை வலித்திருக்காது. அவர்களுக்கான பதில்தான் மனப்பாடமாக இருந்ததே. என் பீரோவை முதுகில் சுமந்தவன் இப்படிச் சொல்வதற்கு என்னிடம் பதில் தயாராக இல்லை. என் கை பட்டால் அவன் வாழ்க்கையும் என் வாழ்க்கை மாதிரி ஆகிவிடும் என்று அவனுக்கே உள்ளே ஒரு பயம். மாமன்மேல் பழியைப் போட்டு அதை மறைத்துக்கொள்கிறான். அன்று வேனில் அவ்வளவு தூரம் என் கையைப் பிடித்துக்கொண்டேதானே வந்தான்?

நான் பூர்ணிமாவைப் பார்த்துச் சொன்னேன், ஒவ்வொரு வார்த்தையாக. "நான் வேணாம்னு சொல்லலம்மா. என்னை யாரும் கேக்கவே இல்ல."

அபி அந்த அட்டையையே முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தாள். படித்த பெண், நியாயம் தெரிந்த பெண், கழுத்தை நீட்டப் போகிறவள் அவள்தான், அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நான் பூர்ணிமா முகத்தையே பார்த்து நின்றேன்.

"தப்புங்க" என்றாள் அவனிடம். கண் கலங்கியிருந்தது. "நீங்க அண்ணிகிட்ட கேட்டிருக்கணும். பொய் சொல்லியிருக்கக் கூடாது."

"தப்புதான்" என்றான் அவன், உடனே.

என் மனதில் ஏதோ எழுந்து உட்கார்ந்தது. பூர்ணிமா மூக்கை உறிஞ்சினாள். புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "ஆனா நிர்மலா அண்ணி டிக்கெட்லாம் போட்டுட்டாங்களேண்ணி..." என்றாள். பிறகு அபி பக்கம் திரும்பி, மெதுவாக, "பிட்டிங் ஓகேதான?" என்று கேட்டாள்.

பாவம், சின்னப் பெண், அவளைக் குறை சொல்லக் கூடாது என்று ஒரு நல்ல மனுஷி இந்த இடத்தில் எழுதுவாள். நான் சொல்வேன். குறை சொல்லித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

உள்ளே போய்ப் புடவையை அவிழ்த்தேன். அரை மணி நேரத்துக்கு முன் என்னுடையதாக இருந்த ஜாக்கெட்டின் கொக்கிகளைக் கழற்ற விரல் வரவில்லை. கண்ணாடியில் மூன்று பேரும் அழுதோம். என் புடவையைக் கட்டி முடித்த பிறகுதான் ஸ்டூல் காலில் டேப் கட்டியிருப்பது கண்ணில் பட்டது. குனிந்து அவிழ்க்கப் பார்த்தேன். மேல் முடிச்சு வந்துவிட்டது. அடி முடிச்சு வரவில்லை, அவ்வளவு இறுக்கிப் போட்டிருக்கிறேன். அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

என் மயில்கழுத்து ஜாக்கெட் மேஜைமேல் பிளாஸ்டிக் கவரில் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

"அக்கா, அது இருக்கட்டும்கா" என்றாள் அபி. "ரிசப்ஷன் பிளவுஸ் இன்னும் வெட்டலயே."

"யாரு போடப் போறாங்களோ அவங்க அளவ அவங்ககிட்ட கேட்டு வாங்குங்க" என்றேன். அபிமேல் எனக்குக் கோபமில்லை. கதவைத் திறந்துவிட்ட காவலாளி எனக்கும் ஒரு சல்யூட் வைத்தான்.

வெளியே வெயில் முகத்தில் அடித்தது. மஞ்சள் சுவரில் சாய்ந்து ஒரு ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. படத்தில் விழுகிறேன், கொஞ்சம் தள்ளுங்கள் என்று கையைக் காட்டினார்கள். இன்றைக்கு எல்லோருக்கும் நான் தள்ளிப் போக வேண்டும். என் ஸ்கூட்டர் பக்கம் தள்ளிப் போனேன்.

"அக்கா! அக்கா!"

இளம்பரிதி ஓடி வந்தான். அவன் காலடிச் சத்தம் எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் என் பின்னாலேயே ஓடி வந்த கால். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நான் நின்றேன். நின்றது மட்டுமா? இத்தனைக்குப் பிறகும் எதிர்பார்த்தேன். 'வாக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும். முடிச்சுகூட வேண்டாம், பட்டும் வேண்டாம். பந்தியில் வாழை இலை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்துவிட்டு வருவேன் என்று அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிவு செய்துவிட்டேன்.

அவன் மூச்சு வாங்கினான். கடைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"கோவமா இருக்க, தெரியுது. வீட்டுல பேசிக்கலாம்" என்றான். "அந்த ஜாக்கெட்ட மட்டும் குடுத்துட்டுப் போக்கா. பன்னெண்டு நாள்தான் இருக்கு."

ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். ஜாக்கெட்டை உள்ளே வைத்து, சீட்டை அழுத்தி மூடினேன்.

"என் கை பட்டதுடா" என்றேன். "உனக்கு எதுக்கு ரிஸ்க்கு?"